வறுத்த உப்பு

கல்லுப்பை மண்சட்டியில் போட்டு வறுத்தால் அது சும்மா இருக்காது. முதலில் ஈரம் வற்றும்வரை முணுமுணுக்கும். பிறகு படபடவென்று வெடித்து, பக்கத்தில் நிற்பவர் கையிலும் கழுத்திலும் சுருக்கென்று தெறிக்கும். வெடித்து ஓய்ந்தபின் சுட்ட மண்ணும் கடற்காற்றும் கலந்தாற்போல ஒரு வாடை சட்டியிலிருந்து எழும். தாளிக்கிற சத்தம் கேட்டாலே நாக்கில் நீர் ஊறுகிற ஜென்மம்தான் நான். ஆனால் உப்பு வெடிக்கிற சத்தம் மட்டும் காதில் விழுந்தால் போன மாதம் வரைக்கும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

என் மருமகள் பேரனுக்கு வாங்குகிற தின்பண்டப் பொட்டலத்தை இப்போதெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் உப்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறதாம். பிள்ளைகளுக்கு அதிக உப்பு ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் "ஒங்க காலத்துல இதெல்லாம் கெடையாது அத்த, நீங்கள்லாம் நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளந்தீங்க" என்று அவள் பெருமூச்சு விடும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. நல்ல சாப்பாடாம், நல்ல சாப்பாடு! நாங்கள் தின்றதில் சோறு கொஞ்சம், மீதியெல்லாம் உப்புதான் தாயே என்று சொல்ல வாயெடுப்பேன், பிறகு எதற்கு வம்பு என்று விட்டுவிடுவேன். சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

முத்துப்பேட்டைக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊர் வயலையும் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேருகிற வாய்க்கால் ஒன்றின் கரையில் எங்கள் தெரு இருந்தது. அப்பாவும் அம்மாவும் பண்ணை வயலில் கூலி வேலை. கூலியைக் காசாகத் தரமாட்டார்கள், நெல்லாக அளப்பார்கள். அந்த நெல்லைக் குத்தி அரிசியாக்கினால்தான் உலை. காலையில் "பழையது", அதாவது நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது. அதில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கரைத்து, வெங்காயமோ பச்சை மிளகாயோ கடித்துக்கொண்டு குடிப்போம். வெங்காயம் இல்லாத நாளில் உப்பையே கடித்துக்கொள்வோம், அதற்கு "உப்பைத் தொட்டுக்கிட்டு" என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மக்காச்சோள ரவையில் கிளறிய உப்புமா. இரவில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும், கருவாடு போதவில்லை என்றால் குழம்பில் உப்பைக் கூட்டி விடுவார்கள், கொஞ்சம் குழம்புக்கு நிறையச் சோறு இறங்கும். இதற்கு நடுவில் புளியங்காய் காலம், மாங்காய்க் காலம், நெல்லிக்காய்க் காலம் என்று எங்களுக்கென்று ஒரு தனிப் பஞ்சாங்கம் உண்டு. எது காய்த்தாலும் பாவாடை முடிச்சில் உப்பு தயாராக இருக்கும். மிட்டாய்க்கு வழியில்லாத பிள்ளைகள் பெரிய உப்புக் கல்லாகப் பொறுக்கி எடுத்து, கன்னத்தில் அதக்கிக்கொண்டு பாடம் படித்தோம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவார்களா?

வேதாரண்யத்துப் பக்கத்திலிருந்து உப்பு வண்டி வரும். "உப்போய் உப்பு" என்ற குரல் கேட்டதும் பெண்கள் முறத்தில் நெல்லோடு ஓடுவார்கள். நாங்கள் வண்டியின் பின்னால் ஓடுவோம், மேட்டில் ஏறும்போது கோணியிலிருந்து சிந்துவதைப் பொறுக்க. வெயிலில் நாள் முழுக்க வேர்த்து நிற்கிறவர்களுக்கு உப்பு இல்லாமல் முடியாது, அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே நாக்குதான். எங்கள் தெருவில் ஒருவனைத் திட்ட வேண்டும் என்றால் அப்பனை ஆத்தாளை இழுக்கவேண்டியதில்லை. "நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று கேட்டால் போதும். உப்புத் தின்பவனுக்கு ரோசம் இருக்கும், ரோசம் கெட்டவன்தான் உப்பில்லாமல் தின்பான் என்பது கணக்கு. கேட்கப்பட்டவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

என் தம்பி பக்கிரிக்கு அந்த மார்கழியில் காலெல்லாம் சிரங்கு. எங்கள் தெருவில் சிரங்கு வராத பிள்ளை ஏது? வேப்பிலையை அரைத்துப் பூசினார்கள், ஆறிப்போனது. ஆறின கொஞ்ச நாளில் ஒரு காலையில் அவன் எழுந்து வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. இமைகள் இரண்டும் வீங்கி, கண் கீறல் போலத் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். "குளவி கொட்டிருச்சாடா?" என்றேன். அவனும் சிரித்தான். அப்புறம் கொல்லைக்குப் போய்விட்டு வந்து, தனக்கு மூத்திரம் கடுங்காப்பி மாதிரி வருகிறது என்று அவன் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது.

டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் தம்பியின் காலை விரலால் அமுக்கினார். அமுக்கின இடத்தில் குழி விழுந்து, அந்தக் குழி அப்படியே இருந்தது. மாத்திரை கொடுத்துவிட்டு அம்மாவிடம் அவர் சொன்னதை, வீட்டுக்கு வரும் வழி முழுக்க அம்மா மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். "உப்பக் கண்ணுலயே காட்டாதம்மா. கருவாடு, ஊறுகா, அப்பளம் எதுவும் ஆகாது. சோத்துல சக்கரையப் போட்டுக் குடு, பாலு குடு. ஒடம்புல தண்ணி கோத்துக்கிட்டா மூச்சு வாங்கும், அப்ப ஒரு நிமிசம் தாமசிக்காம தூக்கிட்டு வந்துரணும்." சர்க்கரை, பால் என்று அவர் சொன்னபோது அம்மா தலையைத் தலையை ஆட்டினாள். ஏதோ அதெல்லாம் வீட்டில் உறியில் தொங்குகிற மாதிரி!

வேறு வருஷமாக இருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பாளோ என்னவோ. அந்த வருஷம் சம்பா அறுவடைக்கு முன்னால் கூலிக்காரர் சங்கத்தார் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள், பண்ணை முடியாது என்றது, தெருவே அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்துவிட்டது. ஆட்சி மாறிச் சில வருஷமே ஆகியிருந்தது. ரூபாய்க்குப் படி அரிசி என்று மதகுச் சுவரில் எழுதியிருந்த எழுத்து மழையில் பாதி கரைந்து பாதி நின்றது, அந்த அரிசி எங்கள் வாய்க்கால் கடைசிக்கு வந்து சேரவில்லை. வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது; மதகடியில் போலீஸ்காரர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்; வெளியூர் ஆட்களை இறக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பேச்சு. அக்கம்பக்கத்து ஊர்களில் நடந்துபோன கொடுமைகளைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், நாங்கள் பக்கத்தில் போனால் நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் தைக்கு எங்கள் தெருவில் பொங்கல் பொங்கவில்லை.

வீடுகளில் நெல் தீர்ந்ததும் தெருக்கோடியில் "கஞ்சித் தொட்டி" வைத்தார்கள். பக்கத்து ஊர்களில் கேட்டு வாங்கிவந்த குருணையைப் பெரிய அண்டாவில் காய்ச்சி, தெருவுக்கே ஊற்றுவது. அதற்குப் பொறுப்பு காத்தாயி சின்னம்மா, எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் சின்னம்மாதான். வாய் பெரிது, கை அதைவிடப் பெரிது. இரண்டு கையாலும் உப்பை அள்ளி அண்டாவில் போட்டுத் துடுப்பால் கிளறுவாள். முதல் நாள் அம்மா போய், "காத்தாயி, உப்புப் போடறதுக்கு முன்னாடி எம்புள்ளைக்கு ஒரு சொம்பு எடுத்துருடி" என்று கேட்டாள். "இதுக்கென்னடி, எடுத்தாப் போச்சு" என்றாள் சின்னம்மா.

அன்றிலிருந்து பக்கிரிக்குத் தனிச் சொம்பு. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிக்கும்போது இவன் மட்டும் தன் சொம்பை முகர்ந்து பார்த்துக் கீழே வைப்பான். "மண்ணு மாதிரி இருக்கும்மா" என்பான். உப்பில்லாத குருணைக் கஞ்சியை நீங்கள் ஒருநாள் குடித்துப் பாருங்கள், அவன் சொன்னதில் தப்பில்லை என்று தெரியும். தெருவில் எந்தெந்தப் பானையில் வெல்லம் ஒளிந்திருந்ததோ அதெல்லாம் அவனுக்கு வந்தது, ஒருத்தி திருஷ்டி கழிக்க வைத்திருந்ததைக்கூடக் கொடுத்தாள், அதுவும் தீர்ந்துபோனது. அப்புறம் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சாயந்தரக் கூட்டத்தில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் அதே பேச்சு. "சோத்துல உப்புப் போட்டுத் திங்கிற எவனும் நாளைக்கு வயல்ல எறங்கமாட்டான்!" என்று சங்கத்துக்காரர் முழங்குவார், கூட்டம் ஆமாம் என்று கத்தும். மறுநாள் பிள்ளைகள் பக்கிரியைச் சுற்றி நின்றுகொண்டு, "டேய் உப்புத் திங்காதவனே, ஒனக்கு ரோசம் இல்லடா, நீ வயல்ல எறங்கிருவே" என்று கைகொட்டிச் சிரித்தார்கள். ஆறு வயதுப் பையன். சொம்பைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு சொம்பைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான்.

சின்னம்மாவுக்குக் கோபம் வந்தது. "இனிமே அண்டாவுல உப்பே போடல. எவனுக்கு வேணுமோ அவனவன் கையால போட்டுக்கங்க!" என்று உப்பைத் தனியாக ஒரு வாழைப்பட்டையில் குவித்து வைத்தாள். தெருவே ஒரு பிள்ளைக்காகச் சப்பென்ற கஞ்சியை வாங்கிக்கொண்டு போனது, அந்தப் பசியிலும் ஒருவர் முணுமுணுக்கவில்லை, இதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் நடந்தது என்ன? எல்லோர் கையும் அந்தக் குவியலுக்குப் போய் வந்தது, தம்பியின் கை மட்டும் மடியில் கிடந்தது. முன்னே சொம்பு தனி, இப்போது கை தனி. வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது, ஆனால் ஆள் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே வந்தான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் பண்ணையின் காரியங்களைப் பார்க்கிற காரியக்காரர் வாய்க்கால் கரையில் அம்மாவைப் பார்த்து நின்றார். "ஏம்மா, ஒம்புருசன அனுப்பி வையேன். நாலு பேரு எறங்கிட்டா மத்தவனும் வந்துருவான். புள்ளைக்குப் பாலு சக்கரையெல்லாம் பண்ணையிலேருந்து வரும்." அம்மா அதை அப்படியே வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை, அன்றைக்குப் பேசினார். "தெருவே வயித்தக் கட்டிக்கிட்டுக் கெடக்கு, நான் மட்டும் அருவாளத் தூக்கிட்டுப் போனா நாளைக்கு எவன் மூஞ்சில முழிக்கிறது? சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன்..." என்றவர், சுவர்ப்பக்கம் படுத்திருந்த தம்பியைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

அழுகிறவளைத் தேடி வந்த சின்னம்மா ஒரு வழி சொன்னாள். "அடி இவளே, உப்பு ஆகாதுன்னா பச்ச உப்பு ஆகாதுடி. புள்ள பெத்தவளுக்குப் பத்தியத்துல நாம என்ன பண்றோம், வறுத்துத்தான போடறோம்? அதுல இருக்கற தண்ணியெல்லாம் வெடிச்சுப் போயிருது பாரு. தண்ணியே இல்லாத உப்புக்கு வீக்கம் எங்கேருந்துடி வரும்? டாக்டருக்கு இதெல்லாம் சொல்ல நேரம் இருந்திருக்காது." அந்த நியாயத்தில் எங்கே ஓட்டை என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால், கேட்கும்போது இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. வீக்கம் என்பது தண்ணீர், வறுத்தால் தண்ணீர் போய்விடும். பிரசவித்த பெண்ணுக்கும், மஞ்சள் காமாலைக்காரனுக்கும், மருந்து சாப்பிடுகிறவனுக்கும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்சட்டியை எடுத்து வைத்தாள்.

அந்தச் சத்தத்தை நான் முதன்முதலாக நின்று கேட்டது அன்றைக்குத்தான். மற்றவர்கள் வறுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் வறுத்தாள், கையில் தெறித்துக் கொப்பளித்ததைக்கூடக் கவனிக்காமல், கடைசிக் கல் வெடித்து அடங்கும்வரை. அதைப் பொடித்துக் கஞ்சியில் போட்டுக் கொடுத்ததும் பக்கிரி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்றான். மீசை மாதிரி ஒட்டியிருந்த கஞ்சியோடு தெருவுக்கு ஓடி, "டேய், நானும் உப்புப் போட்டுத் திங்கிறேன்டா!" என்று கத்தினான். அம்மா வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சில நாள் ஓடி விளையாடினான். பிறகு முகம் மறுபடி வீங்கியது, கால் வீங்கியது, வயிறு பானையாக முன்னால் வந்தது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நாம் சரியாக வறுக்கவில்லை என்று நினைத்து, மறுநாள் இன்னும் அதிக நேரம் வறுத்தாள். ஐயோ, அதை நினைத்தால்!

ஒரு மத்தியான வேளையில் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் திணறுகிறான், உட்கார வைத்தால் கொஞ்சம் விடுகிறான். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து அம்மா அலறினாள். ஊரில் வில்வண்டியும் பாரவண்டியும் பண்ணையில்தான் இருந்தன. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு ஓடினார், சின்னப்பிள்ளை ஒன்று கூட இருந்தால் இரங்குவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. காரியக்காரர் வெளியே வந்தார். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், பண்ணை ஆட்கள் முன்னால் கூலிக்காரன் அப்படித்தான் நிற்கவேண்டும் என்ற பழைய வழக்கம் அது, கூடாது என்று சங்கம் சொன்னதிலிருந்து அவர் விட்டிருந்தார். "நாளைக்கே வர்றேங்க. நான் எறங்கி அறுக்கிறேங்க. வண்டிய மட்டும் குடுங்க, புள்ளைக்கு மூச்சு வாங்குது" என்றார். "இப்ப வந்து கேக்குறியேப்பா. வண்டி ரெண்டும் வெளியூரு ஆளுகளக் கூட்டியாரப் போயிருக்கே" என்றார் காரியக்காரர். பொய் சொல்லவில்லை, கொட்டகை காலியாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது அப்பா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பாப்பா, நான் கேட்டத அம்மாட்ட சொல்லாத. தெருவுலயும் யாருட்டயும் சொல்லாத" என்றார்.

தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாகவே பஸ் ரோட்டுக்கு ஓடினோம். இரண்டு பக்கமும் அறுக்காத கதிர் காலில் உரசியது. ரோட்டுப் புளியமரத்தடியில் அம்மா அவனை மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, "இந்தா வந்துரும்டா, இந்தா வந்துரும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் வந்தபோது நாங்கள் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியம் போய்விட்டது.

சில நாளில் போராட்டம் முடிந்து கூலி நெல் கொஞ்சம் கூடியது. கேட்ட அளவு இல்லை, ஆனால் கூடியது. அது உண்மையான வெற்றிதான், எத்தனையோ வீடுகளில் அதனால் உலை கொதித்தது, நான் மறுக்கமாட்டேன். எங்கள் வீட்டில் அந்த நெல்லை அளந்து கொட்டிய அன்று அம்மா கேட்டாள், "ஒங்க சங்கம் கேட்ட நெல்லு வந்துருச்சு. எம்புள்ள வந்தானா?" அதிலிருந்து அது அவளுடைய கேள்வியாகிவிட்டது. "அன்னைக்கே எறங்கியிருந்தா சக்கரை கெடச்சிருக்கும், பாலு கெடச்சிருக்கும், வண்டி கெடச்சிருக்கும். நீங்க ரோசத்தக் கட்டிக்கிட்டு அழுதீங்க. நான் எம்புள்ளைக்கு ஒரு கல்லு பச்ச உப்பு குடுத்ததில்ல, கை வெந்து போற வரைக்கும் வறுத்துத்தான் குடுத்தேன்." நானும் இறங்கி அறுக்கிறேன் என்று போய் நின்றேனே என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையை உதறிவிட்டு எழுந்து போவார். பெரியவளான பிறகு ஒருமுறை, "சொல்லிடவாப்பா?" என்று கேட்டேன். "வேணாம் பாப்பா. அவளுக்கு யாரு மேலயாவது கோவப்பட்டாவணும். எம்மேலயே இருக்கட்டும்" என்றார். நான் கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்த மறுவருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மகன் சாவுக்குத் தன் ரோசம்தான் காரணம் என்று நம்பிக்கொண்டே போனார்.

என் மகனுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு காலையில் இமை வீங்கி எழுந்து வந்து நின்றான். நான் சிரிக்கவில்லை. அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்த அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். அதே சிரங்கு, அதே வீக்கம், டாக்டரிடமிருந்தும் அதே சொல், உப்பே கூடாது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே நின்று, "வறுத்த உப்புன்னா போடலாங்களா டாக்டர்?" என்று கேட்டேன். அந்த டாக்டர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். "வறுத்தா உப்பு எங்கம்மா போவும்? ஈரம்தான் போவும். உப்பு அப்படியே இருக்கும், இன்னும் கெட்டியா இருக்கும்" என்றார்.

தம்பியைக் கொன்றது உப்புதான் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. கிடைக்காத பாலாக இருக்கலாம், வராத வண்டியாக இருக்கலாம், வேளைக்குப் போய்ச் சேராத ஆஸ்பத்திரியாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொம்புக் கஞ்சியில் விழுந்தது உப்புதான், அள்ளிப் போட்டது அம்மாதான். வெளியே வந்தபோது அவள் பெஞ்சிலிருந்து எழுந்து, "என்ன சொன்னாரு? வறுத்துப் போடலாம்னு சொன்னாருல்ல?" என்று கேட்டாள். "இது வேற நோவாம்மா. இதுக்கு எந்த உப்பும் ஆகாதாம்" என்றேன். "அதான பாத்தேன்" என்று பெருமூச்சு விட்டு என் மகனின் தலையைத் தடவினாள். பால் இருந்தது, சர்க்கரை இருந்தது, பத்து நடை தூரத்தில் ஆட்டோ இருந்தது. என் மகன் பிழைத்துக்கொண்டான்.

அப்பாவின் பழியைத் துடைக்க வேண்டுமானால் அதை அம்மாவின் மேல்தான் போட வேண்டும். போனவருக்கு நியாயம் செய்யவா, இருப்பவளைக் காப்பாற்றவா? நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. போன மாதம் கால் வீங்கியது. ரத்தக் கொதிப்பு, நெஞ்சும் பலவீனம், உப்பை அறவே குறைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சில நாள் ஒன்றும் பேசாமல் உப்பில்லாச் சோற்றைத் தின்றாள். பிறகு ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பி, "வேம்பு, வறுத்த உப்புன்னா போடலாம்லடி?" என்று கேட்டாள்.

கரண்டியும் கையுமாக நின்றேன். கூடாது என்றால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று அவளுக்கு ஒருமுறை விளங்கிவிட்டால், அந்த வாசற்படியில் நின்று தம்பி ஓடுவதைப் பார்த்த முகம் இந்த வயதில் என்ன ஆகும்?

"போடலாம்மா" என்றேன்.

வாணலியை அடுப்பில் வைத்துப் பொட்டலத்து உப்பைக் கொட்டினேன். அந்தத் தூள் வெடிக்கவில்லை, மணலாகச் சும்மா கிடந்தது. கூடத்திலிருந்து குரல் வந்தது. "என்னடி சத்தமே காணும்? பச்சையாப் போட்டுக் குடுத்துராத. அது ஆவாது." மருமகள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்க் கல்லுப்பு கேட்டேன். எங்கள் ஊரில் உப்பு வண்டி வந்த பாதையில் இப்போது கார் போகிறது, கஞ்சித் தொட்டி வைத்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது, காத்தாயி சின்னம்மா இல்லை, மண்சட்டி இல்லை. கல்லுப்பு மட்டும் ஏதோ உடம்புக்கு நல்லது என்ற பேரோடு பளபளப்பான பையில் திரும்பி வந்திருக்கிறது. வாங்கி வந்து வறுத்தேன். முணுமுணுத்தது, பிறகு படபடவென்று வெடித்தது. இந்தமுறை நான் கொல்லைக்குப் போகவில்லை. கடைசிக் கல் அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

அதில் ஒரு சிட்டிகையைத்தான் போட்டேன். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான், தினமும் ஒரு சிட்டிகை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, இதை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவும் போவதில்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். படிக்கிற நீங்கள் நான் செய்வது சரியா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு மத்தியானமும் சத்தம் கேட்டு ஓய்ந்தபிறகுதான் அம்மா சோற்றில் கை வைத்தாள். "இப்பத்தான் வாய்க்கு வெளங்குது" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் கணுக்காலை விரலால் அமுக்கி, குழி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.